பூந்தமல்லி வானத்தில் தம்பி பார்த்தது

என் தம்பி வானத்தில் எதையோ பார்த்தான். அது என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை, அவனுடைய அதிகாரிகளுக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரியும் என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் பதினோரு வருஷம் காஜா எடுத்தேன். காஜா என்றால் சட்டையில் பொத்தான் நுழைகிற துளை. ஒரு சட்டைக்கு ஏழு எட்டு காஜா வரும். பதினோரு வருஷத்துக்கு எத்தனை என்று யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டால் என்னிடம் சொல்ல வேண்டாம்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது ஆவடியில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் வீட்டுக்காரர் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் ராணுவத்துக்குத் தைத்துக் கொடுக்கும் இடத்தில் தையல்காரி. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்து போய்விட, எட்டாவது படித்துக்கொண்டிருந்த தம்பியை ஒரு டிரங்குப் பெட்டியோடு ரயிலில் ஏற்றிக் கூட்டி வந்தேன். எனக்கும் அவனுக்கும் பதினொரு வயது வித்தியாசம். பிள்ளை இல்லாத எங்களுக்கு அவன் பிள்ளையானான் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை என்னவென்றால் முதல் ஒரு வருஷம் அவனை வைத்துக்கொண்டு படாத பாடு பட்டேன்.

வந்த புதிதில் கணக்குப் பரீட்சை மார்க்கைப் பேனாவால் திருத்திக் கொண்டுவந்து காட்டினான். மூன்றை எட்டாக்குவது அவ்வளவு சிரமமான காரியம் இல்லை. ஆனால் ஊதா மைக்குப் பக்கத்தில் கறுப்பு மை. நான் அடிக்கவில்லை. சோறு போட்டேன், துணி துவைத்துப் போட்டேன், இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் காலையில் அவனே வந்து, "இனிமே பாத்ததைப் பாத்தபடி சொல்றேன்க்கா, பேசு" என்றான். சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். கொஞ்சம் அதிகமாகவே காப்பாற்றினான். குழம்பில் உப்பு கூடினால் விருந்தாளிகள் முன்னாலேயே சொல்லுவான்.

அப்படிப்பட்டவன் விமானப்படையில் சேர்ந்து பைலட் ஆனான். நகரத்துக்குத் தெற்கே ஒரு நிலையத்தில் வேலை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கரையான்சாவடியில் வெண்டைக்காய் வாங்கும்போதுகூட "தம்பி ஏரோப்ளேன் ஓட்டுறான்" என்று ஆரம்பித்துவிடுவேன். கடைக்காரர் ஒருநாள், "தெரியும்மா, போன வாரமும் ஓட்டினாரு" என்றார். அதற்கப்புறம் காய்கறியை வேறு கடைக்கு மாற்றிக்கொண்டேன்.

எங்கள் தொழிற்சாலையில் பாராசூட் பிரிவு என்று ஒன்று இருந்தது. நான் அதில்தான் இருந்தேன். சட்டை, கால்சட்டை தைப்பவர்கள் எங்களைக் கொஞ்சம் பொறாமையோடு பார்ப்பார்கள். சட்டையில் தையல் விட்டால் சட்டை கிழியும், பாராசூட்டில் தையல் விட்டால் ஆள் செத்துப்போவான். அதனால் கை சுத்தமானவர்களைப் பொறுக்கி எடுத்துத்தான் அங்கே உட்காரவைப்பார்கள். பேனல் என்று சொல்கிற துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்துத் தைப்போம். தைத்து முடித்ததும் அவரவர் டோக்கன் நம்பரை ஓரத்தில் சின்னதாகத் தையலிலேயே போட்டுவிட வேண்டும். நாளைக்கு ஒன்று என்றால் யார் தைத்தது என்று தெரிய வேண்டுமே. நான் முந்நூற்றுப் பதினேழு. எத்தனையோ வருஷம் கழித்து இப்போதும், தலையணை உறை தைத்து முடித்தால் கை அந்த நம்பரைத் தேடிப் போகிறது.

நெசவில் குறை இருந்தால் அந்த பேனலை ரிஜெக்ட் செய்துவிடுவார்கள். அதைக் கத்தரியால் குறுக்கும் நெடுக்கும் வெட்டிக் கோணிச்சாக்கில் போட வேண்டும் என்பது சட்டம். அந்த வருஷம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு லாட் துணி வந்தது. வெயிலில் பிடித்தால் நெருப்பு மாதிரி இருக்கும், கையில் எடுத்தால் கனமே தெரியாது. எனக்குப் பக்கத்து மெஷின்காரி பூந்தமல்லிப் பக்கம் நூம்பல் கிராமத்துக்காரி. தலைமுறை தலைமுறையாக அங்கே நிலம் வைத்திருந்த குடும்பம். இந்த வேலைக்கு வந்த பிறகும் நடவு, அறுப்பு என்றால் லீவு போட்டுவிட்டுப் போவாள். அவள் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு, "இம்மாம் ஜோரான துணிய போயி கிழிக்கச் சொல்றானுங்களே யக்கா, மனசு வர்லியே" என்றாள்.

எனக்கும் வரவில்லை. அப்போது ஆடி மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரருக்கு நாற்பது வயதில் காத்தாடிப் பைத்தியம். ஆவடியில் அடிக்கிற ஆடிக் காற்றில் காகிதக் காத்தாடி பத்து நிமிஷம் தாங்காது. கிழிந்த காகிதத்தோடு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார். நான் கேலி செய்வேன். "ஒட்டுறதெல்லாம் ஒரு வேலையா, தைக்கணும்" என்று ஒருநாள் வாய் விட்டுவிட்டேன். வாய் விட்டதைக் கையால் செய்து காட்ட வேண்டியதாயிற்று. நானும் நூம்பல்காரியும் ஆறு நாளில் ஆறு பேனலை, வெட்டாமல், பாவாடைக்கு மேல் இடுப்பில் சுற்றிப் புடவையைக் கட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டினோம். அது திருட்டு. நான் வேறு பெயர் வைக்கப்போவதில்லை. பிடித்திருந்தால் அன்றே வேலை போயிருக்கும்.

வீட்டு மெஷினில் ஆறையும் இணைத்து வட்டமாகத் தைத்தேன், ஆள் உயரத்துக்கு. இரட்டைத் தையல். அவர் மூங்கிலைச் சீவிக் குச்சி வைத்தார், நூலை மாட்டச் சூத்திரக் கயிறு கட்டினார். வேலை முடிந்து தரையில் விரித்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன், நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு ஓட்டை விட்டிருக்கிறேன். பாராசூட்டில் காற்று வெளியேற உச்சியில் ஓர் ஓட்டை விடுவோம், இல்லாவிட்டால் அது தலைகால் தெரியாமல் ஆடும். கை பழக்கத்தில் காத்தாடிக்கும் விட்டுவிட்டது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஓரத்தில் முந்நூற்றுப் பதினேழு.

"திருடினதுல கையெழுத்தும் போட்டாச்சா?" என்றார் அவர்.

பிரித்துவிடலாம் என்று ஊசியை எடுத்தேன். நைலானில் ஊசி போன தடம் போகாது. நூலை உருவினாலும் நம்பர் புள்ளி புள்ளியாகத் தெரியும். யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையோரத்து ஏரி அந்த மாதத்தில் முக்கால்வாசி காய்ந்து கிடக்கும். வேலை விட்டு வந்து ஒரு புதன்கிழமை மாலை, நான், அவர், நூம்பல்காரி மூன்று பேரும் அங்கே போனோம். நூலும் பாராசூட் தைக்கிற நூல்தான், அறுந்துபோகும் பேச்சே இல்லை. அவர் மரத்தில் கடைந்த உருளை ஒன்றில் சுற்றி வைத்திருந்தார். விட்ட மாத்திரத்தில் கிளம்பியது பாருங்கள், அந்த மனுஷன் உருளையைப் பிடித்துக்கொண்டு நாலு அடி தரையில் இழுபட்டார். ஓட்டை இருந்ததால்தான் அது ஆடாமல் நின்றது என்று இன்றைக்கும் சொல்வேன். ஏறிக்கொண்டே போனது. பனைமரங்கள் சின்னதாகி, அதுவும் சின்னதாகி, சூரியன் இறங்குகிற நேரத்து வெளிச்சம் துணிக்குள் புகுந்து அடுப்புத் தணல் மாதிரி தகதகத்தது. நூம்பல்காரி தலையில் கை வைத்துக்கொண்டு, "நாம தெச்சதா யக்கா அது" என்று நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் ஆமாம் என்றேன். ஒரு பாராசூட்டும் விரிந்து நான் பார்த்ததில்லை. பதின்மூன்று வருஷம் தைத்திருக்கிறேன், ஒன்றையாவது ஆகாயத்தில் பார்த்ததில்லை. அன்று மாலை எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. பிறகு அவர் சுற்றத் தொடங்கினார். காற்றுக்கு எதிராக அது எங்களை நோக்கி மெல்ல வந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து மிளகு ரசம் வைத்தேன்.

அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். வழக்கமாக வந்ததும் அடுப்படிக்கு வந்து பாத்திரத்தைத் திறந்து பார்ப்பான். அன்று நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை. சாப்பாட்டில் கைவைத்துவிட்டு, "என்னைப் பறக்க விடலைக்கா" என்றான்.

துருவித் துருவிக் கேட்டதில் சொன்னான். பயிற்சி விமானத்தில் தனியாகப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறான். கீழே பூந்தமல்லி, பெங்களூர் ரோட்டில் லாரிகள், குமணன்சாவடிப் பிரிவு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. இடது பக்கம் திரும்பும்போது ஒன்றைப் பார்க்கிறான். வட்டமாக, ஆரஞ்சு நிறமாக, உள்ளுக்குள்ளே விளக்கு வைத்த மாதிரி. நடுவில் கறுப்பாக ஒரு வட்டம். அசையாமல் நிற்கிறது. பிறகு காற்றுக்கு எதிர்த் திசையில் நகர்கிறது. அவன் சுற்றி வந்து பார்க்கும்போது இல்லை.

இறங்கியதும் அதை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டான். அவனுக்கு மூத்தவர் ஒருவர் காகிதத்தைத் திருப்பி நீட்டி, "இதைக் கிழிச்சுப் போட்டுட்டுப் போய் டீ குடி" என்றிருக்கிறார். இவன் கிழிக்க மாட்டேன் என்றிருக்கிறான். பார்த்தது பார்த்ததுதான் என்றிருக்கிறான். அதன் பிறகு கண் பரிசோதனை, அடுத்து மனநல மருத்துவரிடம். முடிவு தெரியும்வரை தரையில்தான். கண்ணோ மனசோ சரியில்லை என்று எழுதிவிட்டால் வாழ்நாள் முழுக்கத் தரையில்தான்.

"மெஸ்ஸுல என் பக்கத்துல உக்காந்தா, தட்டைத் தூக்கிக் காட்டி பறக்குதான்னு கேக்குறாங்கக்கா" என்று சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"அது என்னிக்கு?" என்றேன்.

"புதன்கிழமை. போன வாரத்துக்கு முந்தின வாரம்."

என் வீட்டுக்காரர் சாதத்தைப் பார்த்துக்கொண்டே பிசைந்துகொண்டிருந்தார். ரசம் ஊற்றாத சாதம் அது. நான் அவனுக்கு மோர் ஊற்றினேன். அந்த நேரம் வாயைத் திறந்து, டேய் அது எங்க காத்தாடிடா என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்குமோ என்னவோ. சொல்லவில்லை. பயம். அரசாங்கத் துணி, பாராசூட் துணி, நம்பரோடு. பஸ் ஏறுவதற்கு முன் அவன், "நான் பாத்ததைத்தானேக்கா எழுதினேன்?" என்று கேட்டான். தலையாட்டினேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

நாலு நாள் தூக்கம் இல்லை. மெஷினில் உட்கார்ந்தால் தையல் கோணியது; செக்கிங்கில் இருந்து ஒரு பேனல் திரும்பி வந்தது, என் வாழ்க்கையில் முதல் தடவை. சாப்பாட்டு நேரத்தில் நூம்பல்காரி பிடித்துக்கொண்டாள்.

"இன்னா யக்கா, பேயறைஞ்ச மாதிரி கீற?"

சொன்னேன். அவள் ஊறுகாயை நக்குவதை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"நான்தான் எட்த்துகினு போனேன்னு சொல்றேன். எனக்கு ஊடு கீது, நெலம் கீது. வேல போனா போவுது. உனக்கு இன்னா கீது?"

அவள் சும்மா சொல்லவில்லை, செய்திருப்பாள். ஆனால் துணியில் இருந்தது என் நம்பர். "நான் தெச்சது, நீ எப்படி எடுத்துக்கிட்டுப் போவ? சும்மா இரு, உன் பேரே வராது" என்றேன். அவளுக்குக் கண் கலங்கியது, அதை மறைக்க என் கேரியரிலிருந்த உருளைக்கிழங்கை எடுத்துத் தின்றாள்.

அன்று இரவு என் வீட்டுக்காரரிடம், நேரே போய் மேனேஜர் முன்னால் ஒப்புக்கொள்ளப்போகிறேன் என்றேன். அவர் தடுக்கவில்லை. "வேலை போனா வீட்டுல உக்காந்து காத்தாடி தை. எனக்கும் லாபம்தான்" என்றார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் பேசியதிலேயே எனக்குப் பிடித்த பேச்சு அது.

மறுநாள் காத்தாடியின் குச்சிகளைக் கழற்றி, துணியை மடித்து, பகிரங்கமாகக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். கேட்டில் சோதனை போடுகிற அம்மாள் வெளியே போகும்போதுதான் பார்ப்பாள். உள்ளே கொண்டுபோகிறவர்களை யார் பார்க்கிறார்கள்? திருடியதைத் திருப்பிக் கொண்டுபோவது அவ்வளவு சுலபம். நேரே மேனேஜர் அறைக்குப் போய் மேசைமேல் விரித்தேன். மேசை போதவில்லை, நாற்காலி வரை தொங்கியது. நடந்ததைச் சொன்னேன். நூம்பல்காரியை மட்டும் விட்டுவிட்டேன்.

மேனேஜர் கண்டிப்பானவர், ஆனால் தையல் தெரிந்தவர். திட்டுவதற்கு முன்னால் அந்த இரட்டைத் தையலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். நடுவில் வந்ததும் நின்றார்.

"காத்தாடிக்கு எதற்கம்மா ஓட்டை?"

"ஓட்டை இல்லாம தைக்கத் தெரியாது சார்."

அப்புறம் நம்பரைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. திரும்பி வந்தபோது முகம் பழையபடி கண்டிப்பாக இருந்தது. இது சாதாரண விஷயம் இல்லை, வேலையே போகலாம், தெரியுமா என்றார். தெரியும் என்றேன். பிறகு ஏன் வந்தாய் என்றார். "அவன் கண்ணு நல்ல கண்ணு சார், மனசும் நல்ல மனசு. அதை வேற யாரும் சொல்ல முடியாது, நான்தான் சொல்லணும்" என்றேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அழுதுவிட்டேன்.

மேனேஜர் விமானப்படை நிலையத்துக்குக் கடிதம் எழுதினார். அங்கே இருந்தவர்கள் விவரமானவர்கள். யாரோ ஒரு தையல்காரி, அதுவும் அக்காக்காரி, வந்து சொன்னதை அப்படியே நம்பிவிடவில்லை. அதே இடம், அதே நேரம், அதே காத்தாடி, பறக்கவிட்டுக் காட்டு என்றார்கள். மேலே அதே பையன் வந்து பார்ப்பான், அதுதானா இல்லையா என்று அவன் சொல்லட்டும். அதுதான் என்றால் இரண்டு பேருக்கும் நல்லது. இல்லை என்றால், நான் தம்பியைக் காப்பாற்றக் கதை கட்டிய திருடி. அவன் இல்லாததைப் பார்த்த பைலட். மேனேஜர் இதை எனக்கு நிதானமாக விளக்கிச் சொன்னார்.

ஆடி முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் ஏரிக்கரையில் ஜீப் வந்து நின்றது. ஓர் அதிகாரி, வயர்லெஸ் பெட்டியோடு ஒருவர், எங்கள் மேனேஜர், நாங்கள் இரண்டு பேர். நூம்பல்காரி எங்கோ ஆடு தேடுகிறவள் மாதிரி தூரத்தில் நடந்துகொண்டிருந்தாள். காத்தாடி ஏறியது. சூரியன் இறங்கியது. ஆரஞ்சு தகதகத்தது. அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கண்ணுக்கு மேல் பிடித்துப் பார்த்துவிட்டு, "நானே எழுதிக் கொடுத்திருப்பேன் போலிருக்கே" என்றார்.

விமானம் பூந்தமல்லிப் பக்கமிருந்து வந்தது. ஓட்டியவர் வேறொருவர், தம்பி கூட உட்கார்ந்து வந்தான். ஒரு தடவை சுற்றியது. நான் என்னை அறியாமல் கையை ஆட்டினேன், ஜீப் பக்கத்தில் நின்றுகொண்டு, சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகிறவனுக்கு ஆட்டுகிற மாதிரி. வயர்லெஸ்காரர் கேட்டார். பதில் வரவில்லை. இன்னொரு தடவை சுற்றியது. என் வீட்டுக்காரர் உருளையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். பெட்டியில் கரகரவென்று சத்தம் வந்து, பிறகு தம்பி குரல் வந்தது. அதிகாரி எங்களைப் பார்த்துத் தமிழில் சொன்னார். "அதேதான் என்கிறான்."

உட்கார்ந்துவிட்டேன், அந்தக் காய்ந்த சேற்றிலேயே.

மறுநாள் நிலையத்தில் எங்களையும் வைத்துக்கொண்டு விசாரணையை முடித்தார்கள். அதிகாரிக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. "உங்களுக்கு இடது பக்கம், மேலே இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். காத்தாடி உங்களுக்குக் கீழே அல்லவா இருந்தது?" தம்பி என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, "திரும்பிக்கொண்டிருந்தேன் சார். விமானம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மேல் கீழ் குழம்பியிருக்கலாம்" என்றான். அதிகாரி தலையாட்டினார். அது பைலட்டுகளுக்கு நேர்வதுதானாம். எழுதியதற்குக் கீழே தம்பி கையெழுத்துப் போட்டான்.

அடுத்த வாரமே தம்பியைப் பறக்கவிட்டுவிட்டார்கள். எனக்கு வேலை போகவில்லை. நானே வந்து சொன்னதாலும் மேனேஜர் எழுதிய நல்ல வார்த்தையாலும் எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆனால் பாராசூட் பிரிவில் இனி இடம் கிடையாது. சட்டைப் பிரிவுக்குப் போ, காஜா எடு. காத்தாடியை என் கண் முன்னால் கத்தரியால் வெட்டிச் சாக்கில் போட்டார்கள். வெட்டியது நூம்பல்காரி, அவள் முறை அன்று. என்னைப் பார்க்காமல் வெட்டினாள்.

காஜா எனக்குப் பிடிக்கவே இல்லை. பிடித்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் தூக்கம் திரும்ப வந்தது. நூம்பல்காரி தினமும் சாப்பாட்டு நேரத்தில் பிரிவு விட்டுப் பிரிவு வந்து என்னோடு உட்கார்ந்தாள். தொண்ணூறுகள் வந்தன. டீவியில் சேனல் பெருகியது, ஏரிக்கரை வரை வீடு வந்தது, எங்கள் வீட்டுக்காரருக்குத் தலை நரைத்தது. காகிதக் காத்தாடியோடு சமாதானமாகிவிட்டார். பெரிய குறை எதுவும் இல்லாமல் வாழ்ந்தோம்.

தம்பி லீவில் வரும்போதெல்லாம் எங்களுக்கு இதுதான் பேச்சு. விஷயம் படைக்குள் பரவிப்போயிருந்தது. எந்த ஊருக்கு மாற்றிப் போனாலும், காத்தாடியைப் பார்த்தவன் என்று சிரிப்பார்களாம். சிரித்து முடித்த பிறகு, தனியாக இருக்கும்போது, யாராவது ஒருவர் வந்து பக்கத்தில் உட்காருவாராம். பாலைவனத்துக்கு மேலே மூன்று விளக்கு கூடவே வந்தது என்பார் ஒருவர். கடலுக்கு மேலே வெள்ளியில் செய்த மாதிரி ஒன்று நின்றது என்பார் இன்னொருவர். மலைப்பக்கத்தில் பறந்த ஒருவர், தனக்கு முன்னால் சென்ற வெளிச்சம் மேகத்துக்குள் போய் வரவேயில்லை என்றாராம். எழுதிக் கொடுத்தீர்களா சார் என்று இவன் கேட்பான். யாருமே எழுதவில்லை. இவனிடம் மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். "என்கிட்ட ஏன்க்கா சொல்றாங்க?" என்பான். "நீ ஒரு தடவை எழுதினவனாச்சே" என்பேன். என் தம்பி பார்த்ததைத்தான் எழுதுவான், எவன் சொன்னாலும் மாற்றி எழுதமாட்டான் என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவனுக்குக் கண்ணாடி வந்தது. பறப்பது முடிந்து அலுவலக வேலைக்கு மாற்றிவிட்டார்கள். வருத்தமாக இருப்பான் என்று நினைத்தேன், இல்லை. போதுமான அளவு பறந்துவிட்டேன் என்றான். அந்தத் தடவை அவன் லீவில் வந்திருந்தபோதுதான் நூம்பல்காரி புதுவீடு கட்டிக் குடிபோனாள். பழைய வயலில் பாதி மனைகளாகிவிட்டிருந்தது. மீதிப் பாதியில் அவள் வீடு. சாப்பிட்டுவிட்டு மாலையில் நானும் தம்பியும் மொட்டைமாடிக்குப் போனோம். சிமெண்ட் இன்னும் ஈரமாக மணத்தது. பூந்தமல்லிப் பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, இனிமே நான் பறக்கப்போறதில்ல. அதனால சொல்லலாம். கோவப்படாத" என்றான்.

"சொல்லு."

"அது உன் காத்தாடி இல்ல."

"நடுவுல ஓட்டை?" என்றேன். "ஆரஞ்சு? காத்துக்கு எதிரா வந்துச்சே, நாங்க சுத்தினோமே?"

"எல்லாம் ஒத்துப்போச்சு. நீங்க விட்டது உண்மை. அதை நான் அன்னிக்குக் கவனிக்கல போல. ஆனா நான் பாத்தது வேற."

"எப்படிச் சொல்ற?"

"உன்னோடதை நான் குனிஞ்சு பாத்தேன்க்கா. அன்னிக்குப் பாத்ததை நிமிந்து பாத்தேன்."

கோபம் வந்தது. வராமல் இருக்குமா? பதினோரு வருஷக் காஜா கண் முன்னால் வந்து நின்றது. "அப்புறம் எதுக்குடா அதேதான்னு சொன்ன?" என்று கத்தியேவிட்டேன். கீழே இருந்து நூம்பல்காரி, "இன்னா யக்கா, இன்னா ஆச்சு?" என்று குரல் கொடுத்தாள். ஒன்றுமில்லை என்றேன்.

அவன் புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "முதல் சுத்துலயே தெரிஞ்சு போச்சு. இல்லைன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கீழே பாத்தா ஜீப் பக்கத்துல நீ நின்னு கையை ஆட்டிக்கிட்டிருக்க. இல்லைன்னு சொன்னா உன் வேலை போயிடும், திருட்டுப் பட்டம் வேற. அதனால இன்னொரு சுத்து சுத்தச் சொன்னேன்."

மறுநாள் விசாரணையில் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னதும், மேல் கீழ் குழம்பியிருக்கலாம் என்று கையெழுத்துப் போட்டதும் நினைவுக்கு வந்தது. அவனைக் காப்பாற்றியது நான் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். மார்க்கைத் திருத்தியதற்காக நான் பேசாமல் இருந்த அந்த இரண்டு நாளுக்குப் பிறகு என் தம்பி வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் அது, அதுவும் எனக்காக.

"அப்ப அது என்னதுடா?" என்றேன், குரலை இறக்கி.

"தெரியலக்கா."

சூரியன் போன பிறகும் கொஞ்ச நேரம் வெளிச்சம் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றோம், நூம்பல்காரி காப்பி ஆறுகிறது என்று மூன்றாவது தடவை கூப்பிடும்வரை.